வீட்டுக்கு வயரிங்: யாரை அழைப்பது? கூலி எவ்வளவு?

மின்சாரத்துக்கு நிறம் இல்லை. மணம் இல்லை. ஓசையும் இல்லை.

சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. மின்விசிறி சுழல்கிறது. கிரைண்டர் மாவு அரைக்கிறது. மோட்டார் தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிறது. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் வேலைக்காரன்தான் மின்சாரம்.

ஆனால் அந்த வேலைக்காரன் வழி தவறி நடந்தால், எமனாக மாறிவிடுவான்!

இந்தியாவில் ஆண்டுதோறும் 10 ஆயிரம் பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்கு இது. வயலிலும், தெருவிலும், தொழிற்சாலையிலும் இறந்தவர்கள் இதில் உண்டு. சொந்த வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு. ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைப் போட்டவர்கள், சலவை எந்திரத்தைத் தொட்டவர்கள், துணி உலர்த்தும் கம்பியைப் பிடித்தவர்கள் என்று எத்தனையோ பேர்.

இவர்களில் பலர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். தவறு சுவருக்குள் இருந்தது.

அந்தச் சுவருக்குள் கம்பி இழுத்தவர் யார்? அவருக்கு வேலை தெரியுமா? வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

மீட்டருக்கு அப்பால்

"கரண்டு விஷயம்தானே? மின்வாரியம் பார்த்துக்கொள்ளும்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல.

கம்பத்தில் இருந்து மீட்டர் வரை வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. உள்ளே ஓடும் கம்பி, சுவிட்சு, பிளக், எர்த் எல்லாவற்றுக்கும் அவரே காவல்காரர்.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஒரு மனிதரைக் கொல்ல இது தாராளமாகப் போதும்.

சட்டம் சொல்வது

பல்பு மாற்றுவது, பீஸ் போடுவது, பழுதான சுவிட்சுக்குப் பதில் அதே போன்ற சுவிட்சைப் போடுவது போன்ற சில்லறை வேலைகளுக்குச் சட்டம் விலக்கு அளித்து இருக்கிறது.

புதிதாக வயரிங் செய்வது, பழைய வயரிங்கை மாற்றுவது, கூடுதலாக லைன் இழுப்பது போன்ற வேலைகள் அப்படி அல்ல. அவற்றை லைசென்சு பெற்ற காண்டிராக்டர்தான் எடுத்துச் செய்யவேண்டும். தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வை பார்க்கவேண்டும்.

இது புதிய சட்டம் அல்ல. 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. அந்த விதிகளுக்குப் பதிலாக 2010-ம் ஆண்டிலும், பிறகு 2023-ம் ஆண்டிலும் புது விதிகள் வந்தன. விதிகள் மாறின, இந்தக் கட்டளை மாறவில்லை.

லைசென்சு உள்ளவர் யார்?

தமிழ்நாட்டில் இந்த லைசென்சையும் சான்றுகளையும் கொடுப்பது, சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். காண்டிராக்டருக்கு லைசென்சு உண்டு. மேற்பார்வையாளருக்கும் வயர்மேனுக்கும் தனித்தனிச் சான்று உண்டு.

பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பல ஆண்டுகள் வயரிங் வேலை பார்த்த அனுபவம் இருந்தால், வயர்மேன் உதவியாளர் தேர்வு எழுதலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்தத் தேர்வு நடக்கிறது.

ஆகவே, வேலைக்கு வருகிறவரிடம் சான்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முறையாகத் தேறியவர் பெருமையோடு எடுத்துக் காட்டுவார். சான்றில் உள்ள பெயரைப் பாருங்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். லைசென்சைக் காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. வேலை செய்தவர் ஒருவர், லைசென்சு வேறு ஒருவருடையது என்று நடப்பது உண்டு. வீட்டை எட்டிக்கூடப் பார்க்காதவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி வந்து நீட்டுவார்கள். அந்தக் கையெழுத்து காகிதத்துக்குக் காவல். வீட்டுக்குக் காவல் அல்ல!

எம்.சி.பி. காப்பாற்றுமா?

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. போட்டு இருக்கிறோம். ஷாக் அடித்தால் தானாக விழுந்துவிடும்" என்று பலர் நம்புகிறார்கள்.

இது ஆபத்தான நம்பிக்கை.

மனித உடலில் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் ஓடினாலே இதயம் நின்றுவிடக் கூடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு தூசு. அதைப்போல் 160 மடங்குக்கும் மேல் ஓடினால்தான் எம்.சி.பி.க்கு உறைக்கும். கம்பி சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதுதான் எம்.சி.பி.யின் வேலை. மனிதரைக் காப்பது அதன் வேலை அல்ல.

மனிதரைக் காப்பது வேறொரு கருவி. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள்.

இந்தக் கருவி ஒரு நல்ல கணக்குப்பிள்ளை. ஒரு கம்பி வழியே போன மின்சாரம் மறு கம்பி வழியே முழுவதும் திரும்பி வருகிறதா என்று ஓயாமல் கணக்குப் பார்க்கும். கொஞ்சம் குறைந்தாலும், எங்கோ கசிகிறது, யார் உடம்பிலோ பாய்கிறது என்று அறிந்து கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவு உள்ளதைக் கேட்டு வாங்கவேண்டும். 100, 300 என்றும் கடையில் இருக்கும். அவை வேறு உபயோகத்துக்கு உரியவை. ஆளைக் காப்பது 30.

பச்சைக் கம்பி

மூன்று முள் பிளக்கில் ஒரு முள் மட்டும் தடிப்பாகவும் நீளமாகவும் இருப்பது ஏன்? அதுதான் எர்த் முள். செருகும்போது அது முதலில் சேர வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும். அதற்காகவே நீளம்.

கிரைண்டருக்குள் ஒரு கம்பி பிய்ந்து, இரும்புக் கூட்டில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியே பாய்ந்து மண்ணுக்குள் போய்விடும். உடனே பீஸ் போகும், அல்லது ஆர்.சி.சி.பி. விழும். எர்த் இல்லாவிட்டால் மின்சாரம் அந்தக் கூட்டிலேயே காத்திருக்கும். யார் முதலில் தொடுகிறாரோ, அவர் வழியே மண்ணுக்குப் போகும்.

எர்த் என்பது சுவிட்சு போர்டோடு முடியும் கம்பி அல்ல. வீட்டுக்கு வெளியே சுமார் 8 அடி ஆழத்தில் குழாயோ தகடோ புதைத்து, அங்கிருந்து ஒவ்வொரு பிளக் வரை பச்சைக் கம்பி வரவேண்டும். தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவது எர்த் ஆகாது. அது குளிப்பவர் தலையில் மின்சாரத்தை ஊற்றுவதற்குச் சமம்.

கம்பியின் கனம்

கீசர் 2,000 வாட். குளிர்சாதனக் கருவி சுமார் 1,500 வாட். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். மூன்றும் சேர்ந்தால் 4,500 வாட். இதை 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20 ஆம்பியர்.

விளக்குக்கும் மின்விசிறிக்கும் போடும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் கம்பி இந்தப் பாரத்தைத் தாங்காது. சாதாரண பவர் பிளக்குக்கு இரண்டரை, கீசருக்கும் குளிர்சாதனத்துக்கும் நான்கு, அவற்றுக்குத் தனித்தனி லைன் என்பது நல்ல வேலைக்காரர்களின் வழக்கம்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்றால் அது எச்சரிக்கை மணி. அப்போது பெரிய எம்.சி.பி.யாக மாற்றுவதும், பீஸ் கட்டையில் தடித்த கம்பியைக் கட்டுவதும் மணியின் நாக்கை அறுப்பது போன்றது. மணி அடிக்காது. நெருப்பு வரும்!

கூலி எவ்வளவு?

வயரிங் கூலியை மூன்று விதமாகப் பேசுகிறார்கள்.

ஒன்று, நாள் கூலி. பெரிய நகரங்களில் தேர்ந்த ஆளுக்கு நாளைக்கு 1,000 ரூபாயை ஒட்டியும், அதற்கு மேலும் கேட்கிறார்கள். பழுது பார்ப்பதற்கு இது ஏற்றது. ஒரு மின்விசிறி மாட்ட, ஒரு பிளக் மாற்ற என்று கூப்பிட்டால் சில நூறு ரூபாய் ஆகும்.

இரண்டு, பாயிண்ட் கூலி. ஒரு விளக்கு ஒரு பாயிண்ட்; ஒரு மின்விசிறி ஒரு பாயிண்ட். பழைய வீட்டில் கூடுதல் வேலை செய்ய இது வசதி. எதை எல்லாம் பாயிண்ட் என்று எண்ணுவார் என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

மூன்று, சதுர அடிக் கூலி. புது வீடு கட்டுகிறவர்கள் இப்படிப் பேசுகிறார்கள். சுவரை வெட்டிக் குழாய் பதிப்பது, எர்த் குழி தோண்டுவது, மெயின் போர்டு அமைப்பது ஆகியவை இதில் அடக்கமா, தனியா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கூலி ஊருக்கு ஊர் மாறும். ஆகவே இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். பேசியதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

சாமான் செலவு தனி. அதில் பெரும் பங்கு கம்பிக்குப் போகும். செம்பு விலை ஏறினால் கம்பி விலையும் ஏறும். ஒரு சுருள் 90 மீட்டர் இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் கம்பியில் இருக்கிறதா என்று பாருங்கள். எம்.சி.பி. ஒன்று சில நூறு ரூபாய்தான். ஆர்.சி.சி.பி. சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய் வரை ஆகும்.

மூவாயிரம் ரூபாய் லாபமா?

ஒரு வீட்டில் 60 பாயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். லைசென்சு உள்ளவர் ஒரு பாயிண்டுக்கு 50 ரூபாய் அதிகம் கேட்கிறார். மொத்த வித்தியாசம் 3,000 ரூபாய்.

குறைந்த கூலிக்காரர் சொல்கிறார்:

"சார், எர்த் எல்லாம் எதுக்கு சார்? இந்தத் தெருவிலே யார் வீட்டிலேயும் கிடையாது. நமக்கு வீண் செலவு!"

வீட்டுக்காரருக்கு இது இனிக்கும். "சரி தம்பி, விட்டுடு" என்பார். மூவாயிரம் மிச்சம். எர்த் கம்பி மிச்சம். ஆர்.சி.சி.பி. மிச்சம்.

ஆனால் அந்த வீட்டில் தினமும் கிரைண்டரைத் தொடுகிறவர் அவருடைய மனைவி. ஈரத் தரையில் ஓடி விளையாடுவது அவருடைய குழந்தை. மிச்சம் பிடித்த பணத்துக்கு ஈடு வைத்தது அவர்களைத்தான்.

பிற்பாடு சுவரை உடைத்து வேலையைத் திருத்தினால் வயரிங் கூலி மறுபடி ஆகும். கொத்தனார் கூலி, பெயிண்டு செலவு எல்லாம் அதோடு சேரும். இந்த வழியில் பார்த்தாலும் மலிவு மலிவாக இருப்பது இல்லை.

பூசுவதற்கு முன் பாருங்கள்

சுவரைப் பூசிவிட்டால் எதுவும் தெரியாது. ஆகவே பூசுவதற்கு முன்பே குழாய்கள் போகும் வழியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஆணி அடிக்கும்போது அது உயிர் காக்கும்.

ஒவ்வொரு மூன்று முள் பிளக்கிலும் பச்சைக் கம்பி வந்திருக்கிறதா என்று பெட்டியை மூடுவதற்கு முன் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், கம்பிகளில் கசிவு இல்லை, எர்த் சரியாக இருக்கிறது என்பதைக் கருவி வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கூலியில் ஒரு பகுதியைச் சோதனை முடிந்த பிறகு கொடுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அமுக்குங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று பொருள். இதை வீட்டில் உள்ள பெண்களும் பெரிய பிள்ளைகளும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஷாக் அடித்தால்

ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் பதறி ஓடி அவரைத் தொடாதீர்கள். தொட்டால் இருவர் ஆவீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் அவரைத் தள்ளி விலக்குங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். லேசான ஷாக் என்றாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகக் கூடாது. வாரியத்தின் 'மின்னகம்' எண்ணான 94987 94987-க்குச் சொல்ல வேண்டும்.

மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறது என்பது உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை வரட்டும். எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அப்படியே பெட்டியைத் திறந்து, ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இல்லையா? நாளைக்கே லைசென்சு உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்!