ஹைவேயிலிருந்து 5 நிமிடம்

சுங்குவார்சத்திரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மனை விற்கும் பலகை ஒன்று கண்ணில் படும். 'டிடிசிபி அப்ரூவ்டு', 'ரெரா பதிவு பெற்றது', அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் 'ஹைவேயிலிருந்து 5 நிமிடம்'. யாருக்கு 5 நிமிடம்? பைக்கில் போகிறவருக்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் அது 3 கிலோமீட்டர் தூரம். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் அதையே நடந்து கடக்க 37 நிமிடம் ஆகும், தெருவிளக்கு எரிந்தால்.

ஒரு காலத்தில் இந்தச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தங்குமிடங்களை நடப்பவர்களின் கணக்கில்தான் வைத்தார்கள். சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம் தாண்டினால் பாலுசெட்டிசத்திரம் என்று ஊர்ப்பெயர்களே அதைச் சொல்லும். இப்போது அந்தக் கணக்கு எந்த விண்ணப்பப் படிவத்திலும் இல்லை.

புதிய மனைப்பிரிவுக்கோ அடுக்குமாடிக்கோ அனுமதி கேட்டால் அதிகாரிகள் என்ன பார்க்கிறார்கள்? பத்திரம், பட்டா, நீர்நிலை, பொதுத் திறந்தவெளிக்கான 10 சதவீத ஒதுக்கீடு, முக்கியமாகச் சாலையின் அகலம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, எவ்வளவு உயரம், எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்பது பெரும்பாலும் முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. உயரமான கட்டடம் என்றால் போக்குவரத்து போலீசின் தடையில்லாச் சான்றும் வேண்டும். வண்டி உள்ளே நுழையுமா, திரும்புமா, நிறுத்த இடம் உண்டா? எல்லாம் வண்டி சம்பந்தப்பட்ட கேள்விகள். வண்டி இல்லாதவர் காலையில் எப்படி வேலைக்குப் போவார் என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் வட்டாரப் போக்குவரத்துக்கென்று ஒரு சட்டமே இருக்கிறது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-ல் வந்தது; குழுமம் உயிர்பெற 2022 ஆகிவிட்டது. அதே ஆண்டில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். சுங்குவார்சத்திரம் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் அதற்குள் வந்தது. பஸ், ரயில், நடை ஆகியவற்றின் பங்கைக் கூட்டி, தனி வாகனத்தின் பங்கைக் குறைக்க வேண்டும் என்பதே இப்படிப்பட்ட குழுமங்களின் குறிக்கோள். ஆனால் குறிக்கோள் ஒரு கோப்பிலும் மனைப்பிரிவு வேறொரு கோப்பிலும் கிடந்தால் இரண்டும் சந்திப்பது எங்கே?

லண்டனில் இதற்கு எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கட்டடம் வரப்போகும் இடத்திலிருந்து 8 நிமிட நடைக்குள், அதாவது 640 மீட்டருக்குள், பஸ் நிறுத்தம் உண்டா? 12 நிமிட நடைக்குள், 960 மீட்டருக்குள், ரயில் நிலையம் உண்டா? அங்கே எவ்வளவு நேரத்துக்கு ஒரு வண்டி வருகிறது? இவற்றைக் கூட்டி அந்த இடத்துக்குப் பூஜ்யம் முதல் ஆறு வரை மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் உயர உயர அதிக வீடுகள் கட்டலாம், பார்க்கிங் குறைவாகவே தரலாம். சுங்குவார்சத்திரம் கூட்டுச்சாலையில் நிற்கும் வீடு ஓரளவு தேறும். வாலாஜாபாத் சாலையில் போய், ஏரிக்கரை தாண்டி உள்ளே இருக்கும் மனை தேறாது. ரயில் கணக்குக்கே இடமில்லை; ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையமே கிடையாது.

இந்தக் குறையை வெளியே தெரியாமல் மறைப்பது கம்பெனி பஸ். ஷிப்ட் மாறும் நேரத்தில் கூட்டுச்சாலையில் வரிசைகட்டி நிற்கும் பஸ்களைப் பார்த்தால் இங்கே போக்குவரத்துக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். ஆனால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால்தான் ஏற முடியும். அட்டைக்காரரின் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போக, பிள்ளை கல்லூரிக்குப் போக அதில் இடமில்லை. வேலை போனால் பஸ்ஸும் போயிற்று. பெருங்கூட்டத்தைக் கம்பெனி பஸ்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவதால், அரசு பஸ்ஸுக்கு ஆள் இல்லை என்று கணக்கு காட்டவும் முடிகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம்தான், பஸ் வந்தால்.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டால் பலர் நோயுற்றதை எதிர்த்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிலாளர் எங்கே தூங்குகிறார் என்ற கேள்வி அன்றுதான் நாடு முழுக்கக் கேட்டது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட்டின் பெண் பணியாளர் குடியிருப்பைத் தமிழ்நாடு முதல்வர் திறந்துவைத்தார்: 20 ஏக்கர், 706.50 கோடி ரூபாய், 18,720 பேருக்கு இடம். ஏக்கருக்கு 936 பேர். ஓர் ஏக்கர் மனைப்பிரிவில் சாலை, பூங்கா போக அரை கிரவுண்டு மனை ஏறக்குறைய இருபது தேறும். எல்லாரும் வீடு கட்டிக் குடிவந்தாலும் எண்பது பேர். பஸ்ஸோ ரயிலோ தாக்குப்பிடிக்க முதல் வகை நெருக்கம் வேண்டும். ஆனால் வல்லம் வடகால் நெடுஞ்சாலையில் இல்லை. ஒரகடம் போகும் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு நடக்க முடியாது. ஆக, மறுபடியும் கம்பெனி பஸ்.

மெட்ரோ வந்தால்? பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரையிலான நீட்டிப்பில் முதல் கட்டம் சுங்குவார்சத்திரத்தோடு நிற்கிறது: 27.9 கிலோமீட்டர், சுமார் 8,779 கோடி ரூபாய். 2025 மே மாதம் மாநில அரசு ஒப்புதல் கொடுத்தது. ரயில் நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டருக்குள் நெருக்கமாகக் கட்ட வேண்டும் என்று 2017-ன் தேசியக் கொள்கை சொல்கிறது. 800 மீட்டர் வட்டம் என்பது ஏறக்குறைய 500 ஏக்கர். அதில் நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை, நீர்நிலை போக மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் இன்றே அரை கிரவுண்டுகளாக வெட்டி ஆளுக்கொன்று விற்றுவிட்டால், நாளைக்கு நூறு பத்திரக்காரர்களைக் கூட்டிவைத்து அடுக்குமாடி கட்டச் சொல்ல யாராலும் முடியாது. பலர் விலை ஏறட்டும் என்று கல் நட்டுவிட்டுப் போனவர்கள். இங்கே மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் கையெழுத்து உண்மையில் மெட்ரோவின் பயணிகள் எண்ணிக்கையையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறது. தூண் எழும்பும் முன்பே அந்த வட்டத்துக்குத் தனி விதி வர வேண்டும் என்பது என் கட்சி.

மனை வாங்கப் போகிறவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பலகையில் இருக்கும் இடத்துக்கு ஒரு வேலைநாளில் அரசு பஸ்ஸில் போய், இருட்டிய பிறகு பஸ்ஸிலேயே திரும்பிப் பார்க்கலாம். சைட் காட்டுகிறவர்கள் இதற்கு வாய்ப்புக் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலுக்கே வேன் அனுப்பி, மத்தியானச் சாப்பாடும் போட்டு, இலவசமாகவே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள்.