ரா சாக்கெட்டும் கணினிக்குள் ஓர் அலிபிரியும்

திருமலைக்கு வண்டியில் போகிறவர்கள் அலிபிரியில் இறங்கி, சோதனை முடித்துத்தான் மேலே ஏற வேண்டும். கணினிக்குள்ளும் அப்படியோர் அலிபிரி உண்டு. சாதாரண நிரல் வலையில் எதை அனுப்பினாலும் அனுப்புநர் முகவரி, வரிசை எண் எல்லாவற்றையும் இயங்குதளமே எழுதி ஒட்டிவிடும். "உறை மேலே நானே எழுதிக்கிறேன்" என்று நிரல் கேட்டு வாங்குகிற வழிதான் ரா சாக்கெட். பிங் முதலான கருவிகள் இதை வைத்தே பிழைத்தன. பொய் முகவரியும் எழுதலாம் என்பதுதான் தொல்லை.

யூனிக்ஸில் ரூட் பயனருக்கு மட்டுமே அந்த உரிமை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலோ, வீட்டுக் கணினி முன் உட்கார்ந்தவர் பெரும்பாலும் நிர்வாகிதான்! 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, பொய் முகவரி பாக்கெட்டுகளை மைக்ரோசாஃப்டின் அப்டேட் தளத்தின் மேல் கொட்டும்படி எழுதப்பட்டிருந்தது. 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தபோது கதவைச் சாத்தினார்கள். ரா சாக்கெட் வழியே டிசிபி போகாது. பொய் முகவரியிட்ட யுடிபியும் போகாது.

வலையைச் சோதிக்கும் என்மேப் அதோடு நின்றுவிடவில்லை. ஒரு படி கீழே இறங்கி, ஈதர்நெட் ஃபிரேமைத் தானே கட்டி, இத்தாலியின் டூரின் நகரில் உருவான வின்பிகேப் வழியாக நெட்வொர்க் கார்டிடமே கொடுத்தது. நல்லவன் போன வழியில் கெட்டவனும் போவான். ஆகவே அந்தத் தடையால் பெரிய லாபமில்லை என்பது என் எண்ணம்.

சித்தூர், திருப்பதிப் பக்கம் கணினி படிக்கும் நம்ம பிள்ளைகள் லினக்ஸில் இதைச் செய்து பார்த்தால் வேறொரு வேடிக்கை காண்பார்கள். நிரல் 'சின்' அனுப்பும், எதிர்முனை 'சின்-ஆக்' தரும், உடனே இணைப்பு அறுந்துபோகும். ஏன்? இந்த இணைப்பை ஆரம்பித்தது யாரென்று கெர்னலுக்குத் தெரியாது. கேட்காத பதில் வந்ததே என்று அதுவே 'ரீசெட்' அனுப்பிவிடுகிறது. அந்த போர்ட்டிலிருந்து வெளியேறும் ரீசெட்டை மட்டும் ஐபிடேபிள்ஸில் தடுத்துவிட்டால் போதும்.

"ரூட்டா ஓட்டினா எல்லாம் ஓடுது சார்" என்பார்கள். ஓடும்தான். நிரலில் ஒரு ஓட்டை இருந்தால் கணினி முழுவதும் அடுத்தவன் கைக்குப் போய்விடும். செட்கேப் கட்டளையால் கேப்_நெட்_ரா என்ற ஒரே உரிமையை அந்த நிரலுக்கு மட்டும் தரலாம். பைத்தானுக்கே அதைக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாப் பைத்தான் நிரலுக்கும் அந்த உரிமை வந்துவிடும். வெறும் பிங் போதுமென்றால் அதுவும் வேண்டாம். 2011-இல் வந்த 3.0 கெர்னலிலிருந்து அதற்குத் தனி சாக்கெட் உண்டு.

சோதனையை உங்கள் சொந்தக் கணினிகள் இரண்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் கணினியில் கைவைத்தால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் காத்திருக்கிறது.