பள்ளியையே பாடமாகப் படிக்க

பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி தமிழ்நாட்டில் வரலாறு படிக்கலாம், பொருளியல் படிக்கலாம், உளவியலோ சமூகப் பணியோ எடுக்கலாம். ஆனால் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள், பள்ளிக்கூடம் யாரைச் சேர்த்துக்கொண்டது, யாரை வாசலில் நிறுத்தியது, பாடப்புத்தகத்தில் என்ன வர வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதையெல்லாம் இளநிலையில் முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்க விரும்பினால், நம் கலை அறிவியல் கல்லூரிகள் அவளுக்குக் காட்டும் வழி ஒன்றுதான்: வேறு ஏதாவது பட்டம் வாங்கு, பிறகு பி.எட். சேர். சில கல்லூரிகளில் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.ஏ. பி.எட்., பி.எஸ்சி. பி.எட். உண்டு, அவையும் ஆசிரியர் வேலைக்கான தகுதியைக் கொஞ்சம் சீக்கிரம் தருபவைதான். கல்வியியலை வேலைக்கான உரிமமாக மட்டும் வைத்திருப்பது பெரிய இழப்பு என்பதும், அது பி.ஏ.வில் முதன்மைப் பாடமாக வர வேண்டும் என்பதும் என் வாதம்.

இந்தத் துறை பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த கதையில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 1789 முதல் எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார்; மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை விடுதியில் வளர்த்தெடுத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்திலிருந்துதான் 1876இல் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களில் கல்வியியல் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. திண்ணைப் பள்ளியின் மணலில் தொடங்கிய ஒன்று ஸ்காட்லாந்தில் பல்கலைக்கழகப் பாடமாயிற்று. இங்கோ மாணவருக்குப் பாடக்குறிப்பு எழுதப் பழக்கும் பயிற்சியாகவே தங்கிவிட்டது.

இது யாருக்கும் தோன்றாத யோசனை அல்ல. 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி ஆணையம், ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழக வாழ்விலிருந்து விலகித் தனித்துக் கிடக்கிறது என்று கண்டு, கல்வியியலைத் தனித்த அறிவுத்துறையாக ஏற்று முதல் பட்டத்திலேயே விருப்பப் பாடமாக வைக்கச் சொன்னது. மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் அசாமிலும் வரலாறு, அரசியல் அறிவியல் போலக் கல்வியியலும் பி.ஏ. ஆனர்ஸ் பாடமாக இருக்கிறது. நாம் நேர் எதிர்த்திசையில் நடந்தோம். 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தனியாக அமைந்தது. பி.எட். கல்லூரிகள் ஒரே குடையின் கீழ் வந்ததில் நிர்வாக வசதி இருக்கலாம். ஆனால் சமூகவியலும் வரலாறும் உளவியலும் கற்பிக்கும் துறைகள் ஒரு பல்கலைக்கழகத்தில், அவற்றின் துணையில்லாமல் நிற்கவே முடியாத கல்வியியல் இன்னொன்றில் என்றாகிவிட்டது. ஆணையம் குறையாகக் கண்ட அதே தனிமைக்கு நாம் சட்டபூர்வமாகச் சுவர் எழுப்பினோம்.

இந்தப் பிரிவின் விலை தொடக்கப் பள்ளியில்தான் அதிகம். ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்து எப்படி வசப்படுகிறது, எண் என்பது விரலை விட்டு மனத்துக்குள் எப்போது போகிறது, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை தமிழ் வகுப்பில் ஏன் வாயே திறப்பதில்லை என்பவை கல்வியின் ஆகக் கடினமான கேள்விகள். இவற்றுக்கு நாம் ஒதுக்கியிருப்பது, பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. பட்டயம் முடித்து நல்லாசிரியர் ஆனவர்கள் ஏராளம். குறை அவர்களுடையது அல்ல, கடினமான கேள்விக்குக் குறைந்த காலத்தை ஒதுக்கிய ஏற்பாட்டினுடையது. தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனியே கற்றறிய வேண்டிய திறன், உயர்ந்த பட்டம் அதற்கு ஈடாகாது என்பதே அதன் சாரம். அது தனி அறிவு என்றால் பட்டப் படிப்பின் ஆழம் அதற்கு ஏன் கிடைக்கக் கூடாது? பின்லாந்து 1970களில் ஆசிரியர் கல்வியைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தது. அங்கே தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு முதன்மைப் பாடம் கல்வியியலே. ஆய்வேடு எழுதி முதுநிலைப் பட்டம் பெற்ற பிறகே அவர் வகுப்பை ஏற்கிறார். நம் நாட்டிலேயே டெல்லிப் பல்கலைக்கழகம் 1994இல் பி.எல்.எட். என்ற நான்காண்டுப் பட்டத்தைத் தொடங்கியது. குழந்தைகளை உற்றுநோக்குவதும் நாடகப் பயிற்சியும் இன்றைய இந்தியச் சமூகம் பற்றிய பாடமும் அதில் சேர்ந்தே இருந்தன. பிளஸ் டூ முடித்த வயதில் இதைத் தேர்ந்து படிக்க மாணவர்கள் வருவார்களா என்ற ஐயத்துக்கு அந்தப் படிப்பே பதில்.

பட்டம் வந்தால் எதைப் படிப்பார்கள்? இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்பதே வியப்பு. 1822இல் தாமஸ் மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகப் பதிவு செய்தது. அந்த எண்களை எப்படி வாசிப்பது, அவற்றுக்குள் எந்தச் சாதியாரும் எத்தனை பெண்களும் இருந்தார்கள் என்பதே ஒரு பருவத்துக்குப் போதுமான பாடம். 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் பெற்ற அதை மக்கள் எதிர்த்தார்கள்; 1954இல் காமராஜர் ஆட்சி கைவிட்டது. பாடவேளையை மாற்றுவது சமூக அமைப்பையே மாற்றும் செயல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்கே கிடைக்கும்? 1956இன் மதிய உணவும் 1982இன் சத்துணவும் 2022இல் வந்த காலை உணவும் பசிக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் உள்ள உறவைப் பேசுகின்றன. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல் இன்று எங்கே? அதன் அட்டைகளும் கற்றல் ஏணியும் எந்த வகுப்பறையில் பயன்பட்டன, எங்கே சுமையாயின? கொள்கைகள் வந்து போகின்றன. உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் மாணவர் கூட்டம் நம் இளநிலை வகுப்புகளில் இல்லாததால், ஒவ்வொரு புதிய திட்டமும் முந்தையதிடம் பாடம் கேட்காமலே தொடங்குகிறது.

வேலை கிடைக்குமா என்பார்கள் பெற்றோர். நியாயமான கேள்வி. உரிமம் தராத பட்டம் இது. வரலாறும் பொருளியலும் அப்படித்தான். படித்தவர் விரும்பினால் பி.எட். போகலாம், பாடநூல் எழுதும் குழுவுக்கும், தொண்டு நிறுவனத்துக்கும், கல்வி பற்றி எழுதும் இதழியலுக்கும், ஆய்வுக்கும் போகலாம். இன்னொரு பக்கமும் பாருங்கள்: உரிமம் மட்டுமே இலக்கானபோது என்ன ஆயிற்று? பெரும்பாலான தனித்த ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் உண்மையாகக் கற்பிக்காமல் பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று நீதிபதி வர்மா ஆணையத்தை மேற்கோள் காட்டி 2020 தேசியக் கல்விக் கொள்கையே ஒப்புக்கொள்கிறது. அப்படிப்பட்டவை 10,000க்கும் மேல் என்கிறது அது. அறிவின் மீது ஆர்வமில்லாமல் சான்றிதழ் மட்டும் வேண்டப்படும் இடத்தில் விற்பனைக்காரர் வருவது இயல்பு.

கணக்கு தெரியாதவர் கல்வியியல் மட்டும் படித்துக் கணக்கு வாத்தியார் ஆகிவிடுவாரே என்ற அச்சத்தை முழுதாக ஏற்கிறேன். மேல்நிலை வகுப்புக்குப் பாட அறிவே அடித்தளம். அங்கே கல்வியியல் இரண்டாம் முதன்மைப் பாடமாக வரட்டும். மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் 1960களிலிருந்தே அறிவியலையும் கல்வியியலையும் சேர்த்துக் கற்பித்து வருகிறது. இதைவிட வலுவான மறுப்பு, ஆனர்ஸ் பாடமாக இருக்கும் மாநிலங்களைக் காட்டுவது. வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து எழுதும் பாடமாகவும் அது ஆகிவிடலாமே என்பது அந்த மறுப்பு. ஆகலாம். பள்ளியைப் பார்க்காமல் கல்வியியல் படிப்பது, நோயாளியைப் பார்க்காமல் மருத்துவம் படிப்பது போல. பியாஜேயும் தாகூரும் தேர்வுத் தாளில் பெயர்களாக மட்டும் நிற்பார்கள். ஆகவே களப்பணி இல்லாத பி.ஏ. கல்வியியலை நான் ஆதரிக்க மாட்டேன்.

அந்தக் களப்பணி அப்படியொன்றும் எட்டாத ஒன்றல்ல. அரசுக் கலைக் கல்லூரி இருக்கும் ஊரில் நடந்து போகும் தொலைவில் ஒரு தொடக்கப் பள்ளியும் ஓர் அங்கன்வாடியும் இருக்கும். உளவியல், சமூகவியல், வரலாற்றுத் துறைகளில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எம்.எட். முடித்து முனைவர் பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். முதல் பருவத்திலிருந்தே வாரத்தில் ஒரு நாள் மாணவர் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும், எழுதட்டும், மறுநாள் அந்தக் குறிப்பை வகுப்பில் விவாதிக்கட்டும். இதற்கு முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும், தலைமையாசிரியரின் மனம் வேண்டும், உயர்கல்வித் துறையும் பள்ளிக்கல்வித் துறையும் கலந்து ஓர் அரசாணை போட வேண்டும். ஐந்தாறு அரசுக் கல்லூரிகளில் தொடங்கலாம். கல்லூரிக்கு முப்பது இடங்கள் போதும்.