துயிலில் தடைப்படும் மூச்சும் பல் வைத்தியமும்

குறட்டை விடுபவன் கவலையின்றி ஆழ்ந்து உறங்குகின்றான் என்பது மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். அடுத்த கட்டிலிற் கிடப்பவர்க்கே துன்பம், அவனுக்கு யாதொரு குறையுமில்லை என்று கருதி, அதனை நகைப்புக்குரிய பொருளாக்கி விட்டனர். ஆயினும், இரவில் விழித்துக் கிடக்கும் மனைவியைக் கேட்டால் அவள் கூறுவது பிறிதொன்றாயிருக்கும். ஒலி ஏறி ஏறி வந்து திடீரென அடங்கிவிடுகின்றது. மார்பும் வயிறும் அசைகின்றன. மூக்கிலோ வாயிலோ காற்று இல்லை. பத்து விநாடி, இருபது விநாடி, சில வேளை அதற்கும் மேல். பின்னர் ஒரு பெருங் கனைப்போடு மூச்சுத் திரும்புகின்றது. அவளை அச்சுறுத்துவது குறட்டை அன்று. அது நின்றுபோன அந்த இடைவெளியே.

இந்த இடைவெளி எங்ஙனம் உண்டாகின்றது? மூக்கின் வழியை எலும்பு தாங்கி நிற்கின்றது. மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் விரித்து வைத்திருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொண்டைக்கோ அத்தகைய தாங்கல் இல்லை. தசைகளே அதனைத் திறந்து வைத்திருக்கின்றன. விழித்திருக்கும்போது அத்தசைகள் தம் கடமையில் வழுவுவதில்லை. உறக்கம் வந்ததும் அவை தளர்கின்றன. மல்லாந்து கிடப்பவனின் நாக்கு பின்னோக்கிச் சரிகின்றது. வழி ஒடுங்கினால் குறட்டை. முற்றும் அடைபட்டால் மூச்சுத் தடை. குருதியில் ஒட்சிசன் குறையவே மூளை அவனை அரைகுறையாய் எழுப்பி விடுகின்றது. தசைகள் இறுகி வழி திறக்கின்றது. மறுபடி உறக்கம், மறுபடி தடை. காலையில் அவனுக்கு இவற்றுள் ஒன்றேனும் நினைவில் இராது.

மூச்சு முற்றாக நிற்பதும் பெரிதும் குறைவதும் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நிகழ்கின்றன என்பதே நோயின் அளவுகோல். வளர்ந்தவர்களுக்கு ஐந்துக்குக் குறைந்தால் கவலையில்லை. 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30க்கு மேற்பட்டது கடுமையானது. மணிக்கு முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கழுத்து நெரிபட்டு எழுவதற்கு ஒப்பாகும். அவ்வாறு இரவைக் கழித்தவன் பகலில் கூட்டத்தில் தூங்கி விழுந்தால் அவனைச் சோம்பேறி என்பர். அவனே பேருந்தின் சாரதியாயிருப்பின் கேடு அவனோடு நில்லாது. குருதி அமுக்கமும் இருதய நோயும் இந்நோயாளரிடம் மிகுந்து காணப்படுகின்றன.

நோய் பழையது, அதனைப் பற்றிய அறிவு புதியது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1836 இல் எழுதத் தொடங்கிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் நவீனத்தில், நின்ற இடத்திலேயே உறங்கிக் குறட்டை விடும் பருத்த சிறுவன் ஒருவன் வருகின்றான். 1956 இல் அமெரிக்க வைத்தியர்கள், உடற்பருமனோடு கூடிய சுவாசக் குறைபாடு ஒன்றுக்கு அந்நவீனத்தின் பெயரையே சூட்டினர். ஆயினும் உறக்கத்தில் தொண்டை அடைபடுவதைக் கருவிகளாற் பதிவு செய்து காட்டியது 1965 இலேயே. பிரான்சிலும் ஜேர்மனியிலும் இரு குழுவினர் அதனைத் தனித்தனியே செய்தனர். அக்காலத்தில் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறந்து விடுவதே உறுதியான வழியாயிருந்தது. 1981 இல் சிட்னி நகரில் கொலின் சலிவன் என்னும் வைத்தியர், மூக்கின் வழியே இடைவிடாது காற்றைச் செலுத்தித் தொண்டையை விரித்து வைக்கும் முறையை வெளியிட்டார். முகமூடியும் குழாயும் கொண்ட அந்த இயந்திரமே இன்றும் முதலிடம் வகிக்கின்றது.

இதில் பல் வைத்தியருக்கு என்ன அலுவல் என்று கேட்கலாம். நாக்கின் பெருந்தசை கீழ்த்தாடையின் உட்புறத்தே, மோவாய்க்குப் பின்னால் பற்றி நிற்கின்றது. தாடை முன்னே நகர்ந்தால் நாக்கும் உடன் நகரும். மயங்கிக் கிடப்பவனின் தாடையை இரு கைகளாலும் முன்னோக்கித் தூக்கி மூச்சுக்கு வழிசெய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. எஸ்மார்க் என்னும் ஜேர்மனியச் சத்திர சிகிச்சை வைத்தியரின் பெயரை அதற்குச் சூட்டுவோருமுண்டு. அந்தக் கைகளை இரவு முழுதும் அங்கே வைத்திருக்க இயலுமா? இயலாது. ஆனால் பற்களைப் பிடியாகக் கொண்டு ஒரு தகடு அந்த வேலையைச் செய்யலாம்.

இவ்வெண்ணத்துக்கு வித்திட்டவருள் பிரெஞ்சு வாய்நோய் வைத்தியர் பியேர் றொபின் குறிப்பிடத்தக்கவர். 1902 இல் மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் ஒருசேரத் தாங்கும் ஒற்றைத் துண்டுக் கருவியொன்றை அவர் விவரித்தார். கீழ்த்தாடை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் நாக்கு பின்விழுந்து மூச்சை அடைப்பதைப் பற்றி 1923 இல் எழுதினார். அந்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பின்னர் நெடுங்காலம் எவரும் பெரிதும் கவனியாதிருந்தனர். 1982 இல் சிக்காகோவில் கார்ட்ரைட், சமெல்சன் என்னும் இருவர், நாக்கின் நுனியை மென்மையான குமிழொன்றில் உறிஞ்சிப் பிடித்து முன்னே நிறுத்தும் கருவியின் பயனை அறிவித்தனர். இவர்களுள் கார்ட்ரைட் அம்மையார் பல் வைத்தியரல்லர், உளவியலாளர் என்பது சுவையான செய்தி. 1984 இல் ஜேர்மனியில் மையர்-ஏவர்ட் குழுவினர் தாடையை முன்நகர்த்தும் கருவியைப் பற்றி எழுதினர். இன்று பெருவழக்கிலிருப்பது இந்த இரண்டாம் வகையே.

அதனைச் செய்யும் விதம் பொய்ப்பல் கட்டுவதை ஓரளவு ஒத்தது. பல் வைத்தியர் இரு வரிசைப் பற்களுக்கும் அச்செடுப்பார். நோயாளி தாடையை எவ்வளவு தூரம் முன்னே நீட்டக்கூடும் என அளந்து, அதில் ஏறத்தாழ அரைப்பங்கு தூரத்தில் முதலில் நிறுத்துவார். பின்னர்ச் சிறிய திருகாணி ஒன்றினால், வாரந்தோறும் மில்லிமீற்றரின் சிறு பகுதியளவாக முன்னே நகர்த்திக் கொண்டு போவார். அவசரப்பட்டால் தாடை மூட்டு நோகும்; தயங்கினால் தொண்டை திறவாது. இந்த நிதானத்திலேயே அத்தொழிலின் திறமை முழுதும் அடங்கியிருக்கின்றது.

தகட்டுக்கும் இயந்திரத்துக்கும் இடையே எது சிறந்தது? மூச்சுத் தடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில் இயந்திரமே வல்லது, இதில் ஐயமில்லை. ஆனால் முகமூடியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டு உறங்குபவனுக்கு அந்த வல்லமையால் யாது பயன்? 2013 இல் சிட்னி ஆய்வாளர்கள், பெரும்பாலும் நடுத்தரமும் கடுமையும் ஆன நோயுடைய நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் இரண்டையும் ஒவ்வொரு மாதம் மாற்றி மாற்றிச் சோதித்தனர். தடைகளை இயந்திரமே கூடுதலாகக் குறைத்தது. எனினும் தகட்டை நோயாளர் இரவுதோறும் அதிக நேரம் அணிந்திருந்தனர்; பகலுறக்கம், குருதி அமுக்கம் முதலியவற்றில் முடிவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றன. ஆதலின் இலேசான நோய்க்கும் நடுத்தர நோய்க்கும், இயந்திரத்தைத் தாங்கமாட்டாத ஏனையோருக்கும் தகடு தக்க வழியெனக் கொள்ளப்படுகின்றது.

இங்கே ஓர் இடர் உண்டு. தாடையைச் சிறிது நகர்த்தினாலே குறட்டை தணிந்துவிடும். வீட்டார் மகிழ்வர். ஆனால் ஒலி போனபின்னும் தடை போகாதிருத்தல் கூடும். முன்பு குறட்டையாவது அபாயத்தை அறிவித்துக் கொண்டிருந்தது; இப்போது அந்த அறிவிப்பும் இல்லை. கடைகளில் விற்கும், வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் தகடுகளைத் தாமே வாங்கி அணிவோர் பெரும்பாலும் இந்த வலையிலேயே விழுகின்றனர். தகடு செய்வதற்கு முன்னும், செய்து பொருத்திய பின்னும், உறக்கத்தில் மூச்சை அளந்து பார்த்தல் வேண்டும். நோயை நிர்ணயிப்பது வைத்தியரின் கடமை. பல் வைத்தியர் அதனைத் தாமே ஏற்றுக்கொள்ளுதல் முறையாகாது.

ஆயினும் நோயை முதலில் ஐயுறும் வாய்ப்பு அவருக்கே மிகுதி. வேறெந்த வைத்தியரும் ஒருவன் வாயினுள் அவரளவுக்கு நெடுநேரம் நோக்குவதில்லை. குறுகி உயர்ந்த அண்ணம், பின்தங்கிய தாடை, பற்தடம் பதிந்த அகன்ற நாக்கு ஆகியன அவர் கண்ணுக்குத் தப்பா. வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டும்போது உண்ணாக்கு எவ்வளவு தெரிகின்றது என்பதைக் கொண்டு தொண்டையை வகுக்கும் முறை ஒன்றும் உளது. மயக்க மருந்து கொடுக்கும்போது குழாய் செலுத்துவது எளிதோ அரிதோ என முன்னறிவதற்காக, ஆந்திர நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய மல்லம்பட்டி என்னும் வைத்தியர் 1985 இல் அதனை வெளியிட்டார். இன்று உறக்க நோயை ஆராய்வோரும் அதனைக் கையாளுகின்றனர். பல்லைக் குடையும் ஓசைக்கிடையிலும் நாற்காலியில் உறங்கிவிடும் நோயாளியைக் கண்டால், எந்தப் பல் வைத்தியரும் இரண்டொரு கேள்வி கேட்பது நலம்.

தகட்டினால் தொல்லைகளும் இல்லாமலில்லை. தொடக்கத்தில் எச்சில் மிகும், அல்லது வாய் வறளும். காலையில் தாடை இறுகியிருக்கும். இவை பெரும்பாலும் நாளடைவில் நீங்குவன. ஆண்டுக்கணக்கில் அணிபவர்க்கு முன்பற்கள் சற்று நகர்ந்து கடி மாறுவதுண்டு. இதனை முன்னரே சொல்லி இசைவு பெறுதல் நேர்மையான வைத்தியரின் வழக்கம். ஈறு நோயால் பற்கள் ஆடுபவர்க்குத் தகடு ஆகாது. அதற்குப் பற்றிக்கொள்ள உறுதியான பற்கள் வேண்டும். பல்லே இல்லாத முதியோர்க்கு நாக்கைப் பிடிக்கும் முன்சொன்ன குமிழே துணை.

சிறுவர் செய்தி வேறு. அவர்களிடத்துத் தொண்டைச் சதையும் மூக்கின் பின்புறச் சதையும் பெருத்திருப்பதே பெரும்பாலும் காரணம். அதனைத் தொண்டை வைத்தியர் கவனிப்பார். அண்ணம் குறுகிய சிறுவர்க்கு, மேற்பற்களிற் பொருத்திய திருகாணியால் அண்ணத்தை மெல்ல விரித்தல் மூக்கின் வழியையும் அகலச் செய்யும். 2004 இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், 31 சிறுவர்க்கு இவ்வாறு செய்ததில் நல்ல பயன் கிடைத்தது. அண்ணத்தின் நடுப்பொருத்து இறுகு முன்னரே இது எளிதில் இயலும். வளர்ந்தவர்க்கு வேறு வழி எதுவும் உதவாதபோது, இரு தாடைகளையும் அறுத்து முன்னே நகர்த்திப் பொருத்தும் பெருஞ் சத்திர சிகிச்சையும் உண்டு.

தகட்டை அணிபவர் அதனைக் குளிர்ந்த நீரிலேயே கழுவ வேண்டும்; கொதிநீர் பட்டால் அது கோணிவிடும். பகலில் பெட்டியில் மூடி வைத்து, குறித்த காலத்தில் பல் வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும். உடல் பருத்தாலோ, பகலுறக்கம் திரும்பினாலோ, அல்லது நள்ளிரவில் அந்த அமைதி மீண்டும் நிலவுவதாக மனைவி கூறினாலோ, மூச்சை மறுபடி அளக்க வேண்டும்.