கட்டபொம்மன் சண்டிலிப்பாயில் ஏன் ஓடவில்லை?

யூலை 21 வருகிறது. சிவாஜி கணேசன் மறைந்து இந்த முறை 25 ஆண்டு. அவருடைய படங்களை இந்த மாதம் எங்கே பார்க்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்களும் வட்ஸ்அப் செய்திகளும் ஒரு வாரமாகச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆளுக்கு ஆள் வேறு படத்தைக் கேட்டாலும் குழப்பம் ஒன்றுதான். தேடினால் படம் தெரிகிறது, தொட்டால் ஓடமாட்டேன் என்கிறது.

சண்டிலிப்பாயிலிருந்து ஒரு பேத்தி எழுதியதை இங்கே சொல்ல வேண்டும். அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் மாமா யூரியூப் இணைப்பை அனுப்பியிருக்கிறார். அம்மம்மா மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொலைபேசியைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, விறாந்தையில் வசதியாக இருந்திருக்கிறார். வந்தது கறுப்புத் திரை. உங்கள் நாட்டில் இந்தக் காணொளி கிடைக்காது என்று ஒரு வரி. அதே நேரம் மாமா அங்கே ஜாக்சன் துரைக் காட்சி வரை பார்த்து முடித்துவிட்டார். அரசாங்கம் தடை செய்திருக்கிறதா என்று பேத்தி கேட்கிறார்.

இல்லை. கொழும்பில் எந்தத் திணைக்களமும் கட்டபொம்மனைத் தடுக்கவில்லை. 'உங்கள் நாட்டில்' என்ற சொல்தான் நாடே முடிவெடுத்தது போன்ற மயக்கத்தைத் தருகிறது. முடிவெடுத்தது ஒரு கொம்பனி. அதுவும் நாடுகளின் பட்டியல் ஒன்றில் சில பெட்டிகளுக்குச் சரி போட்டு, சிலவற்றை வெறுமையாக விட்ட முடிவு.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

யூரியூப் 2007 இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. படத்தின் உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொல்லும் கொம்பனி, முழுப் படத்தின் ஒரு கொப்பியை யூரியூப்பிடம் கொடுத்து வைக்கிறது. அந்தக் கொப்பியிலிருந்து இயந்திரம் படத்துக்கும் ஒலிக்கும் ஒரு கைரேகையை எடுத்துக்கொள்கிறது. பிறகு உலகத்தில் யார் எதை ஏற்றினாலும் அந்தக் கைரேகையோடு ஒப்பிடும். பொருந்தினால், முதலில் கொப்பி கொடுத்தவரின் விருப்பப்படி நடக்கும். படத்தை ஓடவிட்டு விளம்பரக் காசைத் தான் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு மட்டும் பார்க்கலாம். அல்லது மறிக்கலாம். இந்த மூன்றையும் நாட்டுக்கு நாடு வேறுபடுத்தி வைக்கலாம். கனடாவில் ஓடு, இலங்கையில் நில் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

இது கெட்டிக்காரத்தனமான இயந்திரம்தான். ஒரு படத்தைத் தலைகீழாகத் திருப்பி ஏற்றினால்கூடப் பல வேளை பிடித்துவிடும். ஆனால் அது படத்தைக் கண்டுபிடிக்கும் இயந்திரம், உரிமையைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் அல்ல. கொப்பி கொடுத்தவரிடம் கட்டபொம்மன் வெளியான 1959 ஆம் ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறதா, அந்த ஒப்பந்தத்தில் இணையம் என்ற சொல் இருந்திருக்க முடியுமா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. 'அதிகாரபூர்வ சனல்' என்று பெயரோடு ஒட்டியிருப்பதைப் பார்த்து நாம் மயங்குகிறோம். பழைய படங்களைப் பொறுத்தவரை அதற்கு, வேறு யாருக்கும் முன் கொப்பி கொடுத்தவர் என்ற அளவுக்குத்தான் பொருள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உண்மையான உரிமையாளரும் அப்படி இருக்கலாம். பார்த்து அறிய நமக்கு வழியில்லை.

இலங்கை மட்டும் ஏன் வெறுமையாக விடப்படுகிறது? இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. தமிழ்ப் படங்களைத் துண்டு துண்டாக விற்பதே சென்னையின் வழக்கம். மதுரைக்கு ஒருவர், கோயம்புத்தூருக்கு ஒருவர், மலேசியா சிங்கப்பூருக்கு ஒருவர், சிலோனுக்கு வேறொருவர். சிலோன் உரிமை தனிச் சரக்கு. சினமாஸ் லிமிட்டெட், சிலோன் தியேட்டர்ஸ் போன்ற கொழும்புக் கொம்பனிகள் படத்தை இறக்கின. யாழ்ப்பாணத்தில் வெலிங்டனிலும் ராணியிலும் மனோகராவிலும் அவை ஓடின. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்ததும் படம் இறக்குவது அரசின் ஏகபோகம் ஆனது. அதற்கு முன் எழுதப்பட்ட சிலோன் கடதாசிகள் இன்று யார் வீட்டு அலுமாரியில் கிடக்கின்றன? ஒருவரும் முன்வந்து சொல்வதில்லை. சென்னையில் இணைய உரிமையை வாங்கியவர், தன் பத்திரத்தில் இலங்கை தெளிவாக எழுதப்படவில்லை என்றால், வம்பு எதற்கென்று அந்தப் பெட்டியை விட்டுவிடுகிறார். அந்த வெற்றுப் பெட்டிதான் சண்டிலிப்பாய் விறாந்தையில் கறுப்புத் திரையாக வந்து நிற்கிறது.

உரிமைக் காலம் முடியவே முடியாதா?

முடியும். என்னை அதிகம் உறுத்துவது இந்த இடம்தான். இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. முன்பு 50 ஆக இருந்தது. தாகூர் 1941 இல் மறைந்தவர். அவருடைய எழுத்துகளின் உரிமை 1991 முடிவில் காலாவதியாக இருந்த வேளையில் பத்து ஆண்டு கூட்டினார்கள். அந்தக் கூட்டலுக்குள் சினிமாவும் வந்துவிட்டது.

இப்போது கணக்குப் பாருங்கள். கட்டபொம்மன் 1959. 2019 முடிவோடு இந்தியாவில் படத்தின் உரிமை தீர்ந்தது. 'பாசமலர்', 'பாவமன்னிப்பு', 'பாலும் பழமும்' மூன்றும் 1961; அவை 2022 பிறந்தபோதே பொதுச் சொத்து. 'கர்ணன்', 'நவராத்திரி', 'புதிய பறவை' 1964. அவற்றுக்கு 2025 ஜனவரி 1. 'திருவிளையாடல்' 1965; அது பொதுவுக்கு வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' 1968 என்பதால் இன்னும் பொறுக்க வேண்டும்.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் திரைப்படங்களுக்கு 70 ஆண்டு கொடுக்கிறது. சென்னையில் அவிழ்ந்த முடிச்சு பாக்குநீரிணையைத் தாண்டியதும் மீண்டும் இறுகுமா? பேர்ண் உடன்படிக்கையில் ஒரு விதி இருக்கிறது. உள்நாட்டுச் சட்டம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, ஒரு படைப்பின் பாதுகாப்பு அது பிறந்த நாட்டின் காலத்தைத் தாண்டக்கூடாது என்கிறது அது. ஆகவே கட்டபொம்மன் இங்கேயும் விடுபட்டுவிட்டார் என்று வாதாட இடமுண்டு. ஆனால் ஒரு பழைய படத்துக்காக வழக்காடி அதை நிறுவ யார் செலவழிப்பார்கள்?

இயந்திரத்துக்கோ இந்த ஆண்டுகள் ஒன்றுமே தெரியாது. காலம் தீர்ந்த படத்தின் கொப்பியை ஒரு கொம்பனி நேற்றுக் கொடுத்திருந்தாலும், இன்று நீங்கள் ஏற்றுவதை அது பிடிக்கும். நீங்கள் மறுத்து எழுதலாம். பதில் சொல்ல உரிமை கோரியவருக்கு 30 நாள். அந்த மறுப்பைப் பரிசீலிப்பவரும் அதே உரிமை கோரியவர்தான். 30 நாள் முடியும்போது யூலையும் நினைவு நாளும் போயிருக்கும். பொதுமக்களுக்குச் சேர்ந்துவிட்ட ஒரு படத்தை, சேரவில்லை என்று காட்டிப் பூட்டி வைப்பவருக்கு, திரும்பத் திரும்பச் செய்தாலொழிய, எந்தத் தண்டனையும் இல்லாத ஏற்பாடு இது. வயதானவர்கள் காத்திருக்கும் ஊரில் நடக்கும்போது இது சின்ன விடயம் அல்ல.

பாட்டு வேறு கணக்கு. படத்தின் காலம் முடிந்தாலும் பாடல் வரிகளின் உரிமை இந்தியாவில் கவிஞர் மறைந்தபின் 60 ஆண்டு தொடரும். கண்ணதாசன் மறைந்தது 1981 இல். ஆகவே 'கர்ணன்' படம் விடுபட்டாலும் அதிலுள்ள அவர் வரிகள் 2041 முடியும்வரை விடுபடா. படம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, பாட்டு வந்ததும் ஒலி அறுந்துபோவதாக மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். காரணம் அநேகமாக இதுதான்.

அப்படியானால் இந்த மாதம் எங்கே பார்ப்பது?

முதலில் தொலைக்காட்சி. யூலை 21 ஐ ஒட்டித் தமிழகச் சனல்கள் சிவாஜி படம் போடுவது வழக்கம். சன் லைஃப், ராஜ் டிஜிட்டல் பிளஸ், முரசு ஆகியவை பழைய படங்களுக்குக் கூடுதல் இடம் தருபவை. உங்கள் கேபிள்காரரின் பொதியில் எது இருக்கிறது என்று இன்றே கேட்டு வையுங்கள். இந்திய நேரமும் நம் நேரமும் ஒன்று என்பதால் நிகழ்ச்சி அட்டவணையை அப்படியே நம்பலாம்.

யூரியூப்பில் ஒரே படம் நான்கைந்து சனல்களில் இருக்கும். ஒன்று பூட்டியிருந்தால் விட்டுவிடாதீர்கள், அடுத்ததைத் தொடுங்கள். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் இணைப்பை நம்பாமல், இங்கிருந்தே படத்தின் பெயரைத் தமிழில் எழுதித் தேடுங்கள். இங்கிருந்து தேடும்போது, இங்கே ஓடக்கூடியவை முன்னே வர வாய்ப்பு அதிகம்.

பழைய டிவிடிக்களை வீசிவிடாதீர்கள். இலண்டன் ஐங்கரன் வெளியிட்ட தட்டுகள் எத்தனையோ வீடுகளில் புலம்பெயர்ந்த பிள்ளைகள் கொண்டுவந்தபடி இன்னும் கிடக்கின்றன. வீட்டில் ஓடும் தட்டை இணையத்தின் வழியே பூட்ட எந்தக் கொம்பனியாலும் முடியாது.

'டிஜிட்டல் மெருகேற்றிய' கொப்பி நல்லதா?

நிறம் நல்லது, சட்டகம் பார்த்துக்கொள்ளுங்கள். 2012 இல் 'கர்ணன்' அகலத்திரைக்கு மாற்றப்பட்டு வந்து தமிழகத்தில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. அதன் பிறகு பல படங்கள் அந்த வழியில் போயின. மெருகேற்றம் என்று விளம்பரத்தில் சொல்வதில், மேலும் கீழும் வெட்டுவதும் அடங்கும். 4:3 சட்டகத்தில் எடுத்த படம் சினிமாஸ்கோப் திரையை நிரப்ப வேண்டுமானால் உயரத்தில் நாற்பது வீதத்துக்கு மேல் போயாக வேண்டும். 'திருவிளையாடல்' கடற்கரையில் சிவாஜி நடக்கும் நடையைப் பாதமில்லாமல் பார்த்து என்ன பயன்? சதுரம் போலத் தெரியும் கொப்பியையே தேடுங்கள்.

வாசிகசாலையில் திரை கட்டிப் போடலாமா?

வீட்டில் பார்ப்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு. பொதுக் காட்சிக்குத் தனி அனுமதி வேண்டும். எண்பதுகளில் ரீவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, ஒரே இரவில் மூன்று படம் பார்த்தோம். யாரும் யாரையும் கேட்கவில்லை. மூன்றாவது படம் முடியுமுன் எண்ணெய் தீர்ந்து, இருட்டுக்குள் மிச்சக் கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுண்டு. இன்று வாசிகசாலைகள் பதிவோடு இயங்குகின்றன. எழுதிக் கேட்டுவிட்டுப் போடுவதே பாதுகாப்பு.

வீபிஎன் போடலாமா? இலவசமாகக் கிடைப்பவை பலவும் உங்கள் தகவலை விற்றுப் பிழைப்பவை, வேண்டாம்.

டேட்டா எவ்வளவு போகும்? 360 தரத்தில் மூன்று மணிநேரப் படம் ஏறத்தாழ 1 ஜிபி.

'பைலட் பிரேம்நாத்'? 1978 இல் இலங்கையோடு சேர்ந்து எடுத்த படம், மாலினி பொன்சேகா நடித்தது. 60 ஆண்டுக் கணக்கிலும் 2038 வரை உரிமை இருக்கிறது.

ஒக்ரோபர் 1? பிறந்தநாள், இதே சனல்கள், இதே பூட்டுகள்.

சண்டிலிப்பாய் அம்மம்மாவுக்கு? பேத்திக்கு வேறொரு சனலின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். நேற்றிரவு யாழ்ப்பாணத்தில் இருந்து தொட்டுப் பார்த்தேன், திறந்தது.