பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு

மெய்யெழுத்துத் தானாக இயங்காது என்பதும், உயிர் சேர்ந்தவிடத்தே அது இயக்கம் பெறும் என்பதும் தமிழிலக்கணம் கற்போர் முதலில் அறியும் செய்திகள். கணினிக்கும் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். திரை, விசைப்பலகை, வன்தட்டு முதலியன மெய். அவற்றை இயக்கும் மென்பொருளாகிய இயங்குதளம் உயிர். பழைய மடிக்கணினி ஒன்று நின்று நின்று இயங்கினால் மெய் பழுதாயிற்று என்று கருதிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். ஆராய்ந்து பார்ப்பின், மெய் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அது சுமக்கவியலாத கனத்த இயங்குதளமே அதனை முடக்கியிருக்கும்.

இக்கட்டுரை எழுதத் தூண்டியவர் ஆலங்குளத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் முதுகலை மாணவி. தாயார் பட்டாசு ஆலைத் தொழிலாளி. திட்டக் கட்டுரை முழுவதையும் அவர் கைப்பேசியிலேயே தட்டச்சு செய்து கொணர்ந்தார். அடிக்குறிப்புகள் சிதறியிருந்தன. கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்விக்கப் பக்கத்திற்கு இவ்வளவு எனக் கூலி கேட்டார்களாம். வீட்டில் கணினி இல்லையா என வினவியபோது, அக்காள் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்தது பரணில் கிடக்கிறது, ஐயா. அது செத்துப்போயிற்று என்றார். அப்படிக் கருதிக் கைவிடப்பட்ட மடிக்கணினிகள் வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் பல வீடுகளில் உண்டு.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்றது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் அதனால் பயன்பெற்றனர். ஈண்டு கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவ்வாறு வழங்கப்பெற்ற மடிக்கணினிகளில் விண்டோஸ் மட்டுமன்றி, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய லினக்ஸ் இயங்குதளமும் உடனிருந்தது. பொத்தானை அழுத்தியதும் எதனைத் திறப்பது என்று கணினி கேட்கும். நம் பிள்ளைகள் பழகிய வாயிலையே திறந்தனர். மற்றொரு வாயில் இருந்ததையே பலர் அறியார். கேரளத்துப் பள்ளிகளில் கணினிப் பாடம் பல்லாண்டுகளாக லினக்சிலேயே நடைபெறுகிறது. இங்குக் கருவி வந்த வேகத்தில் கற்பித்தல் வரவில்லை என்பது என் கருத்து.

லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய கருநிரல். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள் அதனோடு இணைந்து முழுமையான இயங்குதளம் ஆயிற்று. இதனை எவரும் விலையின்றிப் பெறலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

இனி, பழைய கணினி ஏன் தளர்கிறது? அக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் 2 ஜி.பி. அளவே. நினைவகத்தை நாம் எழுதும் மேசை எனவும், வன்தட்டை அடுத்த அறையிலுள்ள அலமாரி எனவும் கொள்க. இயங்குதளமும் அதனுடன் தாமே எழும் துணைநிரல்களும் மேசையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கின்றன. மேலும் ஓர் உலாவியைத் திறந்தால் இடம் போதாமல், மேசையில் உள்ளவற்றை அலமாரிக்கும் அலமாரியில் உள்ளவற்றை மேசைக்குமாக மாற்றிக்கொண்டே இருக்க நேரிடுகிறது. பழைய வன்தட்டோ சுழலும் தகட்டின்மீது ஊசிமுனை நகர்ந்து படிக்கும் பொறி. நினைவகத்தோடு ஒப்பிடப் பன்மடங்கு மெதுவானது. வன்தட்டு விளக்கு அணையாமல் எரிவதும், சுட்டி நகராமல் நிற்பதும் இதனாலேயே. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுப் பயனர்க்கு 2020 சனவரியோடும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடும் முடிவுற்றன. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும் அண்மைக்காலச் செயலியும் வேண்டும். ஆகவே அவ்வழி இவற்றுக்கு அடைபட்டது.

லினக்சிலும் கனத்தவை உண்டு. நமக்கு வேண்டுவன மெலிந்தவை. ஆன்ட்டிஎக்ஸ் என்பது 512 எம்.பி. நினைவகத்திலேயே இயங்கவல்லது. பப்பி லினக்ஸ் ஆஸ்திரேலியரான பேரி காவ்லர் 2003இல் தொடங்கியது. முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு இயங்கும் இயல்பினது. 2 ஜி.பி. இருப்பின் லுபுன்டுவையும் முயன்று பார்க்கலாம். செயலி 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்பதை முதலில் அறிதல் வேண்டும். அரசு வழங்கிய மடிக்கணினிகள் பெரும்பாலும் 64 பிட் வகையின. அவற்றினும் மூத்த 32 பிட் கணினிகளுக்கு இப்போது தெரிவு குறைவு. டெபியன் குழுவினரே 2025இல் வெளியிட்ட 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிக்கான நிறுவியை நிறுத்திவிட்டனர். ஆன்ட்டிஎக்ஸ் 23ஆம் பதிப்பு இரு வகையிலும் வெளிவந்தது.

செய்முறை கடினமன்று. வேறொரு கணினியில் இயங்குதளக் கோப்பைப் பதிவிறக்கி, ரூஃபஸ் போன்ற மென்பொருளால் ஒரு பென்டிரைவில் எழுதவேண்டும். பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை மறவற்க. அதனைப் பழைய கணினியில் செருகி, பொத்தானை அழுத்தியவுடன் எஃப்12 அல்லது எஃப்9 விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்னும் பட்டியல் தோன்றும். பென்டிரைவைத் தேர்ந்தால், வன்தட்டில் எதனையும் மாற்றாமலே லினக்ஸ் எழும். அப்போதே நிறுவிவிட அவசரப்படலாகாது. விண்டோஸ் எழ மறுக்கும் கணினியிலும் வன்தட்டு நன்றாக இருந்தால் அதிலுள்ள கோப்புகளை இவ்வாறு திறந்து வேறிடத்தில் படியெடுக்கலாம். மேற்சொன்ன மாணவியின் கணினியில் அக்காளின் பாடக்குறிப்புகளும், காலஞ்சென்ற தந்தையாரின் ஒளிப்படங்கள் நாற்பதுக்கு மேலும் இருந்தன. வேறு படி எங்கும் இல்லை. அவற்றை எடுத்து வைத்த பிறகே வன்தட்டை அழித்து நிறுவினோம். கம்பியில்லா இணைப்பு, ஒலி, திரை வெளிச்சம் ஆகியன இயங்குகின்றனவா என்பதையும் நிறுவுமுன்னரே பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்த்துறையினர்க்கு எழும் வினா, இதில் தமிழ் வருமா என்பது. வரும். ஐபஸ், எம்17என் என்னும் இரு பொதிகளைச் சேர்த்தால் தமிழ்99, பழைய தட்டச்சுப் பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை ஆகிய எல்லாம் கிடைக்கும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பெற்ற தமிழ்99 முறையையே மாணவர்க்குப் பரிந்துரைப்பேன். எழுதுவதற்கு லிப்ரே ஆபிஸ் உண்டு. அடிக்குறிப்பு, பொருளடக்கம், பக்க எண் எல்லாம் அதில் முறையாக அமையும்.

ஒரு சிக்கல் மட்டும் நேரும். பழைய கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தோன்றலாம். கோப்புக் கெட்டுவிட்டது என்று அழித்துவிடலாகாது. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் ஆங்கில எழுத்துகளின் குறியீட்டு இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்கள் பலவாக வழங்கின. பாமினி அவற்றுள் ஒன்று. உரிய மாற்றியில் இட்டால் அவை ஒருங்குறித் தமிழாகிவிடும். நம் துறைகளில் உறங்கும் பழைய மலர்களின் கோப்புகளும் இவ்வகையினவே. அவற்றை மாற்றி வைப்பது தனியே செய்யவேண்டிய பெரும்பணி.

குறைகளையும் கூறவேண்டும். சிவகாசி அச்சகங்களில் வேலைக்குச் செல்ல எண்ணுவோர் கோரல்டிரா, போட்டோஷாப் ஆகியவற்றைப் பழக விரும்பினால் இது உதவாது. இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்கள் நல்லவையே எனினும், அச்சகத்தார் கேட்பது அவர்கள் கோப்பையே. இணையத்தில் பல பக்கங்களை ஒருங்கே திறந்தால் மெலிந்த இயங்குதளமும் திணறும். கனம் இப்போது உலாவியில் ஏறிவிட்டது. இரண்டு மூன்று பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளல் நலம். பொருள்வசதி இருப்பின் சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துக, செய்யும் செலவில் பெரும்பயன் தருவது அதுவே. லினக்சைத் தமிழில் கற்க விரும்புவோர்க்கு, 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும் அதன் விலையில்லா மின்னூல்களும் துணையாகும்.

பரணில் பல்லாண்டு கிடந்த கணினியில் நாள் தவறிப் பழைய ஆண்டைக் காட்டும். அந்நிலையில் இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று உலாவி திறக்க மறுக்கும். நாளைச் சரிசெய்தால் போதும். மீண்டும் மீண்டும் தவறினால் உள்ளேயிருக்கும் காசு வடிவ மின்கலத்தை மாற்றவேண்டும். பெரிய மின்கலம் உப்பியிருந்தால் கழற்றிவிடுக. தீப்பெட்டி வேலை நடக்கும் அறையில் அதனை மின்னேற்றவே கூடாது. கழற்றும்படி அமைந்த பழைய மடிக்கணினிகள் பலவும் மின்கலமின்றி நேர்மின்சாரத்திலேயே இயங்கும். அம்மாணவியின் கணினி இப்போது அவ்வாறுதான் இயங்குகிறது. மின்வெட்டு நேர்ந்தால் உடனே அணைந்துவிடுமாதலால், இரண்டு நிமிடத்திற்கொருமுறை கோப்பு தானே சேமிக்கும்படி லிப்ரே ஆபிஸில் அமைத்துக் கொடுத்தோம்.