பிடிமானத்தின் விலை

காரின் யந்திரத்தைப் பற்றியும் அதன் குதிரைசக்தியைப் பற்றியும் மணிக்கணக்கில் சம்பாஷிக்கக்கூடிய நம் கனவான்கள், அந்தச் சக்தி முழுவதும் சாலையைச் சென்றடைவதற்குள்ள ஒரே மார்க்கம், சக்கரத்துக்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கையகலம் தரையைத் தொட்டு நிற்கும் ரப்பர்தான் என்பதை ஏனோ சிந்திப்பதில்லை. பழைய டயர் மொட்டையானதும், கடைக்காரர் உருட்டிவிடுவதை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். வேறு சிலரோ, 'பெர்ஃபார்மன்ஸ் டயர்' என்ற பெயர் காதில் விழுந்த மாத்திரத்திலேயே அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டு, அது சீக்கிரம் தேய்ந்துவிட்டதே என்று பின்னால் ஆத்திரப்படுவார்கள்.

தேயத்தான் செய்யும். இவ்வகை டயரின் விசேஷமே அதன் மிருதுவான ரப்பர்க் கலவையில் இருக்கிறது. அந்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்தி, மீண்டும் பழைய வடிவத்துக்கு வருவதில் சற்றே தாமதித்து, அத்தாமதத்தில் ஒரு பங்கு சக்தியை உஷ்ணமாக இழக்கிறது. அந்த இழப்புத்தான் வளைவில் நம்மைக் காக்கும் பிடிமானமாக மாறுகிறது. ஆகையால் பிடிமானத்தை விரும்புகிறவர் பெட்ரோலிலும் டயரின் ஆயுளிலும் அதற்கு ஈடு கட்டியே தீரவேண்டும். கரித்தூளுக்குப் பதிலாக சிலிகாவைப் பெருமளவில் சேர்க்கும் முறையை 1990-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு நிறுவனமான மிஷெலின் புகுத்திய பிற்பாடு இந்தப் பேரத்தின் கடுமை குறைந்ததேயன்றி, பேரம் ஒழிந்துவிடவில்லை.

டயரின் பக்கவாட்டில் 205/55 R16 91V என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அகலம் 205 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவிகிதம். ரிம்மின் விட்டம் 16 அங்குலம். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ சுமக்கும் என்பதற்கு அடையாளம். கடைசியிலுள்ள V, மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தின் உஷ்ணத்தையும் அது தாங்கும் என்று சொல்கிறதே தவிர, பிடிமானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. நம் விரைவுச்சாலைகளிலேயே 120-க்கு மேல் அனுமதியில்லாதபோது, இந்த எழுத்தைக் காட்டி விலையை ஏற்றும் வியாபாரியிடம் ஜாக்கிரதையாக இருப்பது உசிதம்.

பெரிய ரிம் போடும் மோகமும் இப்போது பரவியிருக்கிறது. மேற்சொன்ன டயரைக் கழற்றி 225/45 R17 மாட்டினால், சக்கரத்தின் மொத்த விட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டரே மாறுவதால் வேகமானி பொய் சொல்லாது. பக்கச்சுவர் தாழ்வதால் ஸ்டியரிங்கின் கட்டளைக்கு வண்டி உடனே பணியும். ஆனால் மழைக்குப் பிந்திய நம் தெருக்குழிகளில் ரிம் நெளிவதும் பக்கச்சுவர் வீங்குவதும் அந்தத் தாழ்வினால்தான். ஓர் அங்குலம் கூட்டுவதில் நியாயமுண்டு. அதற்கு மேற்பட்டது ஆடம்பரம் என்பது என் அபிப்பிராயம்.

ஐரோப்பியர்கள் உஷ்ணநிலை ஏழு டிகிரிக்குக் கீழிறங்கினால் கோடைக் கலவை விறைத்துப்போகுமே என்று கவலைப்படுவார்கள். நம் சமவெளிக்கு மார்கழியிலும் அக்கவலையில்லை. நம் பரீட்சை ஐப்பசி மழைதான். பந்தயக் கார்களுக்கு மாட்டும் பள்ளமற்ற டயர், உலர்ந்த தரையில் ஈடிணையற்றது. நீர் தேங்கிய சாலையிலோ அது தண்ணீரை வெளியேற்ற வழியின்றி அதன் மீதே மிதந்து வழுக்கும். அகலமான டயருக்கு இந்த அபாயம் அதிகம். ஆகவே நம் ஊருக்கு வாங்குகிறவர், சுற்றளவு நெடுக ஓடும் ஆழ்ந்த பள்ளங்கள் உள்ளதையே தேடவேண்டும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறையும் வரை தேய விடலாம் என்று சட்டம் இடம் கொடுத்தாலும், அதற்கு வெகு முன்னரே மழைப் பிடிமானம் குன்றிவிடும்.

வாங்கும்போது, உற்பத்தியான காலத்தைக் காட்டும் நான்கு இலக்க எண்ணையும் கவனிக்க வேண்டும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் உற்பத்தியானது. இரண்டு டயர்கள் மட்டுமே மாற்ற வசதிப்பட்டால், முன்சக்கரங்கள்தானே வண்டியை இழுக்கின்றன என்று சொல்லிப் புதியவற்றை முன்னால் மாட்டக் கடைக்காரர் முற்படுவார். தடுத்து, பின்னால் மாட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெரும்பாலும் வண்டி வசத்துக்கு வந்துவிடும். பின்பக்கம் வழுக்கினாலோ, அது சுழல்வதைச் சாதாரணச் சாரதியால் தடுக்க இயலாது.